மூன்றாம் மாடிச் சேவல்

புனேயிலிருந்து கடலைப் பார்க்க மலையிறங்கி நாலைந்து மணி நேரம் போக வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் பதினெட்டுப் படி ஏறினால் போதும். மாலை போடவும் வேண்டியதில்லை. கோர்படியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு மனிதர் கடலைக் கண்ணாடித் தொட்டியில் பிடித்துப் போட்டு வைத்திருந்தார்.

எல்லோருக்கும் அவர் சமுந்தர்வாலா, கடல்காரர். கூரியர்காரன் அவருடைய நிஜப் பேரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் "அப்படி யாரும் இங்க இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சாகணில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஐம்பது வயது, தனிக்கட்டை, தர்மபுரிக்காரர். தர்மபுரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க. அதனாலதான் நானே பண்ணிக்க வேண்டியதாப் போச்சு."

நான் அதிகம் பேசமாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குடியாத்தத்திலிருந்து வந்து நாற்பது வருஷம் ஆகியும் என் மராத்தி காய்கறி வண்டியோடு சரி. சமுந்தர்வாலா படியில் எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களாம்மா" என்பார். நான் "ம்" என்பேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு நாள், இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற சுனந்தா வந்து சொன்னாள், "வர்ச்யா காகாங்கடே ஷேவாள் லயி வாட்லய்."

காகா என்றால் சித்தப்பா, மேல் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறாள் என்பது புரிந்தது. லயி என்றால் நிறைய, வாட்லய் என்றால் வளர்ந்துவிட்டது, அதுவும் தெரியும். நடுவில் இருந்த வார்த்தைதான் அப்படியே நம் தமிழாக இருக்கிறதே. மேல் வீட்டில் நிறைய சேவல் வளர்ந்துவிட்டது.

"இன்னாடி சொல்ற, மூணாவது மாடியிலயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"லயின்னு சொன்னா."

"ஒண்ணுகூடக் கூவலையே."

"வாயக் கட்டி வெச்சிருக்காரோ என்னமோ."

அவர் மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து பால்கனியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொக்கரக்கோ சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேலேயிருந்து சமுந்தர்வாலா யாருடனோ போனில் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது. "புடுங்கிப் பாத்தாச்சு, தேச்சுப் பாத்தாச்சு. இனிமே பட்டினி போட்டுத்தான் கொல்லணும்."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டப்பாவில் அரிசியை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று குனிந்தேன். கதவு திறந்துவிட்டது.

"என்னங்கம்மா, அரிசி?"

"சேவலுக்கு" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எந்தச் சேவல்?"

"சுனந்தா சொன்னா. லயி."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மராத்தியில ஷேவாள்னா பாசிங்கம்மா. உள்ள வாங்க, உங்க சேவலக் காட்டறேன்."

தொட்டிக்குள் கல்லெல்லாம் பச்சை முடி முளைத்து, பத்து நாள் சீப்புப் படாத தலை போல ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன். மூலையில் ஊதா நிறத்தில், விரல் விரலாக ஒரு பவளம். சுண்டுவிரல் நகம் அளவில் வாங்கியதாம், நாலு வருஷத்தில் உள்ளங்கை அளவு ஆக்கியிருந்தார். பச்சை அதன் அடிவரைக்கும் வந்துவிட்டது. "இது மேல ஏறிச்சுன்னா அவ்வளவுதாங்கம்மா. வெளிச்சம் படாமச் செத்துப்போயிரும்" என்றபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாசிக்குப் பேர் சேவல்தான்.

சேவலோடு அவர் போட்ட சண்டை சின்னச் சண்டை இல்லை. காலையில் எழுந்து பல் துலக்குவாரோ இல்லையோ, கல் துலக்குவார். அதற்கென்று ஏழு டூத் பிரஷ். அவர் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், மீனுக்கு இரண்டு தரம் வடிகட்டிய தண்ணீர். பாசி தின்பதற்கு நத்தைகளை வேலைக்கு வைத்தார். அவை கல்லிலிருந்து விழுந்து மல்லாந்துகொண்டால் தானாகத் திரும்பத் தெரியாது. அதைக் கண்காணிக்கத் தொட்டிக்கு எதிரில் ஒரு கேமரா. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவர் வழியில் போனைப் பார்த்துவிட்டு, "ஒருத்தன் மல்லாந்துட்டான்" என்று திரும்பிப் படியேறி ஓடுவார். அவர் பஸ்ஸைத் தவறவிட்டதெல்லாம் நத்தையால்தான்.

அடுத்து, வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும் என்று ஜன்னலெல்லாம் அடைத்து, தொட்டிக்குக் கறுப்புப் போர்வை போர்த்தி, மூன்று நாள் மெல்லப் பேசிக்கொண்டு நடமாடினார். வீட்டில் ஏதோ துக்கம் என்று சேதி பரவி, சொசைட்டி செக்ரட்டரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, யார் போனது என்று மராத்தியில் தணிந்த குரலில் கேட்டார். "இன்னும் போகல. நாளைக்குள்ள போயிரும்" என்று இவரும் தணிந்த குரலில் சொன்னார். செக்ரட்டரி மறுநாள் மறுபடி வெள்ளைச் சட்டையில் வந்தார்.

தண்ணீரில் பாசிக்கு எரு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் நீலமாகும். நீலம் ஏற ஏற ஆபத்து. அவருக்கு நீலத்தில் இரண்டே வகைதான், நீலம், நீலமில்லை. குப்பியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இது மயில்கழுத்துங்களாம்மா?"

"மயில்கழுத்துல பச்ச இருக்கும் தம்பி. இது ஆனந்தா நீலம். என் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த பொடவ இதே கலரு" என்றேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அதன்பிறகு சமுந்தர்வாலாவின் நோட்டில் ஆனந்தா, வெளிர் ஆனந்தா, துவைத்த ஆனந்தா என்றே எழுதப்பட்டது. நீலம் மெல்ல இறங்கியது. சேவலும் இளைத்தது.

அப்போதுதான் கம்பெனி வேலையாக அவர் பத்து நாள் குஜராத் போக வேண்டி வந்தது. சாவியை என்னிடம் கொடுத்தார்.

"கோடு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. சாப்பாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே ஒரு சிட்டிகை. மிச்சம் விழுந்தா அதுதான் சேவலுக்குத் தீனி. புரியுதுங்களா?"

"ம்" என்றேன்.

புரிந்துதான் இருந்தது. ஆனால் நான் கிட்டே போனதும் இரண்டு மீனும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து காட்டினால் நான் என்ன செய்வது? வந்தவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. காலையில் ஒரு சிட்டிகை. மத்தியானம், வெய்யில் நேரம், பாவம் என்று ஒன்று. சாயந்திரம் டீ வேளைக்கு ஒன்று. என் சிட்டிகையும் பத்துப் பேருக்குச் சாம்பார் வைத்துப் பழகிய சிட்டிகை.

அவர் திரும்பி வந்தபோது சேவல் பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பாதி விரல்கள் பச்சைக்குள் போய்விட்டன. குப்பியைக் கொண்டுவந்து கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, பேனா மை நீலம். "வெளிர் ஆனந்தா" என்றேன்.

அவர் குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாலு நாளும் விளக்கைத் திட்டினார், உப்பு மூட்டையைத் திட்டினார், வடிகட்டியைத் திட்டினார். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரரிடம், "தொட்டிய எடுத்துடலாம்னு இருக்கேங்க. மீன ஒரு கடைக்காரரு வாங்கிக்கறேன்னாரு" என்றார்.

அன்று பதினெட்டுப் படியை நாலு தரம் ஏறினேன். நாலு தரமும் பாதியில் இறங்கினேன். ஐந்தாம் தரம் கதவைத் தட்டிவிட்டேன்.

"சேவலுக்குத் தீனி போட்டது நான்தான் தம்பி. கலரும் பொய்."

"தெரியுங்கம்மா" என்றார். "கேமரா இருக்குதுங்களே."

எனக்குக் காது சுட்டது. "அப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

"பண்ணலாம்னுதான் எடுப்பேன். நீங்க மீன்கிட்ட பேசிட்டிருப்பீங்க. அவன் சொன்ன சிட்டிகை உனக்குப் பத்துமா கண்ணு, இளைச்சுட்டியே கண்ணுன்னு. எங்கிட்ட ரெண்டு வருசமா 'ம்'முதான். நடுவுல பேசினா நிறுத்திடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

"அதுக்காகத் தொட்டிய எடுக்கறதா?"

"அடுத்த மாசமும் போகணுங்க. சாவிய வேற யாருக்காவது குடுத்தா உங்களுக்கு வருத்தமாயிரும். உங்களுக்கே குடுத்தா சேவல் கொழுத்துரும். யோசிச்சதுல தொட்டிய எடுக்கறதுதான் சுலபம்னு பட்டுச்சு."

இப்படிக் கணக்குப் போடுகிற ஆளை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி எப்படி ஓடியதோ. நான் ஒரு டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் இரண்டு பேரும் கல் துலக்கினோம். பவளத்தில் பாதி போய்விட்டது. மீதி பாதியில் ஒரு நாள் பச்சை விலகி ஊதா தெரிந்தபோது, அவர் கீழே ஓடிவந்து செக்ரட்டரி வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினார். பிழைத்துவிட்டது என்று சொல்ல.

அடுத்த மாதம் குஜராத் போகும்போது சாவி எனக்குத்தான் வந்தது. கூடவே அளந்து கட்டிய ஐந்து காகிதப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் தேதி. ஆறாவதாக ஒன்று, நுனிவிரல் அளவு. அதன்மேல் தமிழில், எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: "மனசு கேக்கலைன்னா."

போன வருஷம் அவர் குஜராத்துக்கே மாற்றலாகி, கடலைப் பீப்பாய்களில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது மேலே ஒரு குடும்பம் இருக்கிறது, நல்லவர்கள், குழாய்த் தண்ணீரில் குளிக்கிறார்கள். அந்த ஆறாவது பொட்டலம் என் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு தரம் அதை ரசத்தில் போடப் பார்த்தார், பிடுங்கி வைத்தேன். அதை இன்னும் பிரிக்கவில்லை. மனசு கேட்காத நாளில் கையில் எடுத்து, "சாப்ட்டியா தம்பி" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.