பெட்டிசம் அண்ணை போட்ட கையெழுத்து

ஊர்காவற்றுறையில் பெட்டிசம் அண்ணையின் பெட்டிசத்துக்கு, அதாவது புகார்க் கடிதத்துக்கு, தப்பிய உயிர் கிடையாது. பஸ் பிந்தினாலும் பெட்டிசம், முந்தினாலும் பெட்டிசம். பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தப்பிக் கூவியதற்குப் பிரதேச செயலாளருக்கு மூன்று பக்கம் எழுதினார். எல்லாமே பெயர் போடாத மொட்டைப் பெட்டிசங்கள். என் போட்டோக்கொப்பிக் கடையில்தான் பிரதி எடுப்பார்.

சந்தேகம் வரக்கூடாதென்று ஒருமுறை தன்மேலேயே களவுக் குற்றம் சாட்டி ஒன்று போட்டார். வாசித்த கிராம அதிகாரி விதானையார் கேட்டார்:

"களவெடுத்தவனை 'மதிப்புக்குரிய' எண்டு ஆரண்ணை எழுதுவான்?"

போன வருடம் றெஜினா அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். அவள் புருசன் யேசுதாசனுக்குப் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை; விசா இல்லை. முதலாளி எங்கள் ஊர்க்காரன்தான். பாஸ்போர்ட்டைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டான். ஒருநாள் லீவில்லை. வாய் திறந்தால் பொலிஸ் உன்னைத்தான் பிடிக்கும் என்று வெருட்டல் வேறு. பிரதி எடுக்க வந்திருந்த பெட்டிசம் அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அங்கத்தைய சட்டத்தை உந்த ஃபோனில தேடிப் பாரும்!"

தேடி வாசித்தேன். விசா இல்லாதவனை வைத்துச் சுரண்டினால் முதலாளிக்குச் சிறை. பெட்டிசம் அண்ணை கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

"பிள்ளை, மறியல் முதலாளிக்கு! உன்ர மனுசனுக்கில்லை!"

பாரிஸில் தொழிலாளருக்கு உதவும் சங்கம் ஒன்றுக்குப் பதினொரு பக்கம் எழுதினார். எனக்கு உள்ளூரப் பயம். முதலாளியின் தமையன் இவருக்கு எதிர்வீடு, பொல்லாத சண்டியன்.

"அண்ணை, வழக்கம்போலப் பேர் போடாமல் அனுப்புவம்."

பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"மொட்டைக் கடுதாசியை அவங்கள் குப்பையில போட்டால் அவன் கதி என்ன? ஏலாது தம்பி."

முழுப் பெயர், விலாசம், கையெழுத்து. எல்லாவற்றையும் போட்டார்.

விசயம் தெரிந்ததும் எதிர்வீட்டிலிருந்து கல் வந்து ஓடு உடைந்தது. அதற்கு மட்டும் அவர் பெட்டிசம் எழுதவில்லை. அங்கே சங்கத்துக்காரர் யேசுதாசனைத் தேடிப் பிடித்து முறைப்பாடு கொடுக்க வைத்தார்கள். பொலிஸ் வந்து அலுமாரியைத் திறந்தது. முதலாளி கோர்ட்டுக் கூண்டில் ஏறினான்; யேசுதாசனுக்கு விசாவும் முறையான வேலையும் கிடைத்தன.

ஒரு ஞாயிறு பெட்டிசம் அண்ணை கடையில் இருந்தபோது என் ஃபோனுக்கு யேசுதாசனின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, இண்டைக்கு லீவு. சும்மா படுத்திருக்கிறன்."

பெட்டிசம் அண்ணை ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தார். மெதுவாகச் சொன்னார்:

"படும் ராசா, வடிவாய்ப் படும்."

அந்த மனுசன்மேல் எனக்கு அன்று வந்த பாசம் இன்னும் குறையவில்லை.