கிடா சாரின் மேய்ச்சல் வகுப்பு

கிடா சாரைப் போல ஒரு பேராசிரியர் இந்த உலகத்தில் வேறெந்தக் காலேஜிலும் வேலை பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் அந்தக் காலேஜை அன்றைக்கே இழுத்து மூடியிருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது.

"காலேஜ் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற புள்ளைங்க பள்ளிக்கூடம் போகலைன்னா, இந்தப் பக்கம் நாம படிக்கிறது தண்டம்" என்பார். எங்களையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். அஞ்சலை என்ற அம்மாள் மட்டும் மசியவில்லை. அவள் மகள் பவுனு மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

"புள்ள படிக்கப் போயிட்டா ஆட்டை யாருங்க மேய்க்கிறது? நீங்களா வந்து மேய்ப்பீங்க?"

"ஓ, மேய்ப்போமே!" என்றார் சார். "பசங்க சும்மாதான் கெடக்குறானுங்க."

விரல் என்னை நோக்கி நீண்டது. நான் திருச்சிக்காரன். ஆட்டோடு பிரியாணியில் மட்டுமே பழகியவன்.

மறுநாள் பவுனு பையோடு பள்ளிக்கூடம் போக, நான் பெல்பாட்டமும் கையில் குச்சியுமாகக் கிளம்பினேன். "வாங்க, போகலாம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். ஆடுகள் மதிக்கவில்லை. அவை போன பக்கம் நானும் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தொடர்கதையைப் பிரித்தேன், கண் அசந்துவிட்டது. விழித்தால் எதிரே அஞ்சலை, பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பவுனு.

"ஆடெல்லாம் பருத்திக் காட்டை மேஞ்சுட்டு வூட்டுக்கு வந்துருச்சுங்க. காட்டுக்காரன் வாசல்ல நின்னு கத்துறான். மேய்க்கப் போன ஆளைத்தான் காணோம்!"

அதோடு விட்டாளா? "நாளையிலேருந்து பவுனே மேய்க்கட்டும். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பவுனு பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சார் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஆடுகளை ஓட்டி வந்துவிட்டார். எங்கள் வகுப்பு மைதானத்தில் நடந்தது. "தேவை கூடுனா விலை... ஏய், ச்சூ! அந்தப் பக்கம் போகாதே!" வருஷக்கணக்காக அவர் வாசித்துவந்த குறிப்புகளில் பாதியை ஒரு கிடா தின்றது. அவர் பாடம் ஜீரணமானது அது ஒன்றுக்குத்தான். கிடா சார் என்ற பெயரும் அன்றைக்கு வைத்ததுதான். பிரின்சிபால் ஜன்னலைத் திறந்து பார்த்தார், மறுபடி சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் பொறுத்த அஞ்சலை ஓடி வந்தாள். "அய்யோ, வெயில்ல நிக்காதீங்க சார்! ஊரே என்னையத் திட்டுது. நான் களை வெட்டப் போற எடத்துக்கே ஆட்டை ஓட்டிக்கிறேன். புள்ள படிக்கப் போவட்டும்."

சாருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆடுகளைப் பிரிவதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

என் கடைசி வருஷத் தொடக்கத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பவுனு யூனிபாரத்தோடு வந்திருந்தாள். "நல்லாப் படிக்கணும் தாயி" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பஸ் நகர்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுவாதீங்கண்ணே," என்றாள் பவுனு. "இனிமே உங்கள யாரும் ஆடு மேய்க்கச் சொல்ல மாட்டாங்க."

சொல்லியிருந்தால் மேய்த்திருப்பேன், அந்த மனுஷன் இன்னும் ஒரு வருஷம் எங்களோடு இருப்பாரென்றால்.