சுருங்காத படகு

படகின் முன்பாதி சந்தில் இருந்தது. பின்பாதி வீட்டுக்குள் இருந்தது. நடுவில் வாசல் நிலை அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தரணீதரன் நின்றான். அவனோடு கம்பெனியில் துணி வெட்டும் முனீஸ் வெளியே நின்று முழித்தான்.

இன்றைக்குப் பார்த்துத்தான் அவன் மனைவி சுபஸ்ரீ பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு சோமனூருக்குத் திரும்பி வருகிறாள். பல்லடம் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. போன வாரமே தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"பாப்பா வர்றப்ப அந்தப் படகு ஊட்டுக்குள்ள இருந்துச்சுன்னா, வந்த கார்லயே திரும்பிப் போயிருவனுங்க."

சொன்னால் செய்கிறவள். அவள் அப்பா ஆறுச்சாமியோ, மகள் சொல்லாததையும் சேர்த்துச் செய்கிறவர்.

எல்லாம் பழக்கதோஷம்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரணீதரன் துணி வெட்ட அளவு போட்டுக் கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர். பனியன் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். ஆகவே வெட்டும்போதே சுருக்கத்துக்கென்று கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். பெண்டாட்டி ஊரில் இல்லாமல் பொழுது போகாதவன், போனில் ஒரு படகுப் பிளானைப் பிடித்தான். ஊர்க் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போய்வரலாம் என்று ஆசை. படகின் நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, அது வாசல் தாண்டிச் சந்தில் திரும்புகிறதா என்றுகூடப் பார்த்தான். சமர்த்தாகத் திரும்பியது. அப்புறம் வீட்டுக்குள்ளேயே பிளைவுட்டை வெட்ட உட்கார்ந்தபோது, கை தன்பாட்டுக்குச் சுருக்கத்தைக் கூட்டிப் போட்டுவிட்டது. படகும் தண்ணீரில்தானே கிடக்கப்போகிறது என்று புத்தியும் கூடவே தலையாட்டியது.

"பிளைவுட்டு சுருங்காதேண்ணே" என்றான் முனீஸ்.

"அத வெட்டறதுக்கு முன்னால சொல்லியிருக்கோணும்."

முதலில் கதவைக் கழற்றினார்கள். படகு இன்னும் ஒரு சாண் வெளியே வந்து, எதிர்வீட்டுச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டது. பின்னால் இழுத்தால் விளிம்பு நிலையில் மாட்டியது. முனீஸ் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயை வாங்கிவந்து தாராளமாக ஊற்றினான். எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. முனீஸ் வழுக்கிப் படகின் மேலேயே விழுந்தான். அது ஒருபக்கமாகச் சாய்ந்து ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது. அதுவரை ஓர் ஆள் குனிந்து போக இடமிருந்தது. இப்போது பூனைகூடப் போக முடியாது. தரணீதரன் உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா பெரியாத்தாள் போனில் கூப்பிட்டாள். ஒரு காலத்தில் விசைத்தறி ஓடிய ஷெட் அந்த வீடு. தறிகளை விற்றுவிட்டு, நடுவில் சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் போனவளுக்குச் சத்தம் கேட்டு யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். தொட்டில் கட்ட ஆணி அடிப்பதாகத் தரணீதரன் சொன்னான்.

"சாமான் கீமான் ஏதாச்சும் வெளிய எடுக்கறதுன்னா, சாமி..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்று அவசரமாகப் போனை வைத்தான். விஷயம் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாள்.

மூச்சு வாங்க, மாமனார் கல்யாணச் சீராகக் கொடுத்த பீரோவில் சாய்ந்தான். சாய்ந்தவன் பதறி நிமிர்ந்தான். குடிவந்த அன்று இவன் கம்பெனியில் ஷிப்மெண்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஆறுச்சாமியே ஆள் வைத்து இறக்கியது அந்தப் பீரோ. பின்சுவர் முழுக்கத் திரைச்சீலை கட்டி, கன்னிமூலையில் நிறுத்தி, வாஸ்துப்படி வைத்ததை அசைத்தால் குடும்பமே அசைந்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் அதைத் தவிர எதை வேண்டுமானாலும் அசைக்கலாம்.

ஆகவே வாசல் நிலையை அசைப்பது என்று முடிவானது. முனீஸ் கடப்பாரைக்கு ஓடினான். அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, சந்து முனையில் கார் வந்து நின்றது.

சுபஸ்ரீ குழந்தையோடும் ஆறுச்சாமியோடும் படகின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். படகை மூக்கிலிருந்து வாசல்வரை நிதானமாகக் கண்ணால் அளந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"பாதி வெளியதான இருக்குது" என்றான் தரணீதரன்.

"மீதி எங்கீங்க இருக்குது?"

பாப்பா அழுதது. தூக்க அவனுக்குக் கை பரபரத்தது. எட்டிப் பார்த்தால் உச்சந்தலைதான் தெரிந்தது. தரணீதரனுக்கும் அழுகை வந்துவிட்டது. இதுக்கா ராத்திரி பகலாகப் பசை தடவினோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

ஆறுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். முனீஸ் தோளிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார்.

"தள்ளி நில்லுங்க மாப்ள. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள கொழந்த உள்ள போயாகோணும்."

தோட்டத்தில் பாறை பெயர்த்த கை. நிலையைத்தான் நெம்பினார், நிலையோடு பக்கத்துச் சுவரும் வந்தது. செங்கல் சரிந்து புழுதி கிளம்பியது. புழுதி அடங்கியபோது படகு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. வாசல் இருந்த இடத்தில் கற்குவியல் இருந்தது. ராகு காலமும் பிறந்துவிட்டது.

ஆறுச்சாமி கடப்பாரையை வீசினார். "கண்ணு, கார்ல ஏறு. என்னையே செவுத்த இடிக்க வெச்ச ஆளுகிட்ட உன்னைய உட்டுட்டுப் போக மாட்டேன். டிரைவரு, நாலு ஆளக் கூட்டியா. என்ற பீரோவையும் ஏத்திரலாம்."

சுபஸ்ரீ காரில் ஒரு காலை வைத்துவிட்டாள். இன்னொரு கால் தரையில் இருந்தது. அவள் தரணீதரனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான், பீரோப் பேச்சைக் காதில் வாங்கியபடியே, தாம்பூலப் பையோடு பெரியாத்தாள் வந்து சேர்ந்தாள். இடிந்த சுவரைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். முனீஸ் எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் அவர்களை விட்டுவிட்டு நேராக ஆறுச்சாமியிடம் போனாள்.

"பீரோவ இப்ப எடுக்கறதுக்குப் பதிலா, காலையிலயே எடுத்திருந்தா ஒரு செங்கல்லு ஒடஞ்சிருக்காதுங்களே. தறியெல்லாம் உள்ள வந்த பெரிய கதவு அதுக்குப் பின்னாலதானுங்க இருக்குது. வேண்டாம்னு நான் சொல்லச் சொல்ல, வாஸ்துன்னு அத அடச்சு வெச்சது நீங்கதானுங்க."