கரடிக்கு ஒரு ஃபைல்

"நம்மகிட்ட நாப்பத்திரண்டு ஃபைல் இருக்குதுங்க முதலாளி. கரடிக்குத்தான் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் ஃபைல் வேலை பார்க்கும் மைதிலி.

சுப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பெருமாநல்லூர் ரோட்டில் அறுபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவர். வெளிநாட்டுக்காரன் கேட்டதற்கெல்லாம் ஃபைல் போட்டுப் பழகியவர். தீப்பிடித்தால் ஒரு ஃபைல், ஊசி உடைந்தால் ஒரு ஃபைல், கக்கூஸில் சோப்பு தீர்ந்தால் ஒரு ஃபைல். போன வருஷம் வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்த்து நாளான ஊரில், படகை எங்கே நிறுத்துவோம் என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"கரடியா கண்ணு?"

"கரடிதானுங்க. மஜும்தார் சார் இப்பத்தான் போன்ல சொன்னாருங்க."

மஜும்தார் சென்னையில் பையிங் ஹவுஸ் வைத்திருந்த கல்கத்தாக்காரர். ஆர்டர் கொடுப்பதும் அவர்தான், தைத்து முடித்த பீஸைப் பார்த்துக் கழிப்பதும் அவர்தான். எதையும் எழுதிக் கொடுக்க மாட்டார். எழுதிவிட்டால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாதே. அன்றைக்கு லைனில் ஒரே கரகரப்பு. அதற்கு நடுவே மைதிலி பேப்பரில் பிடித்துப் போட்டது இவ்வளவுதான்: மவுண்டன், கேம்பிங், பேர், சேஃப்டி, பெரி இம்பார்ட்டண்ட்.

பேர் என்றால் கரடி. அந்தக் கம்பெனியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாதா?

"அதென்ன கண்ணு, பெரி?" என்று சுப்பண்ணன் பேப்பரை எட்டிப் பார்த்தார்.

"'பெரிய'ன்னு சொல்றாருங்க. தமிழ் பழகிட்டு வர்றாராட்ட இருக்குது."

"பரவால்ல, நல்ல மனுசன்."

அவர்கள் ஊர்க் கரடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சுப்பண்ணன் கேட்டார். மைதிலி பொறுமையாக விளக்கினாள். இப்போது தைக்கப்போகும் நானூற்றுப் பதினேழாம் நம்பர் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்த ஊர் ஜனங்கள் மலையில் டென்ட் அடிப்பார்கள். மலையில் கரடி இருக்கும். தைக்கிறவர்களுக்கும் கரடி விஷயத்தில் பயிற்சி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது. சோப்புக்கே ஃபைல் கேட்டவர்கள் கரடிக்குக் கேட்கமாட்டார்களா? சுப்பண்ணனுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மேசை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். மைதிலியின் வேலையை நிரந்தரமாக்கும் லெட்டர். டைப் அடித்து இரண்டு மாதமாகிறது. கையெழுத்துத்தான் பாக்கி.

"இந்த ஆர்டர் நம்ம கைக்கு வந்துதுன்னா கையெழுத்துப் போட்டுர்றேன். போச்சுதுன்னா லெட்டரும் போச்சு. அதுக்கு மேல என்னைக் கேக்காதே சாமி."

கேட்க என்ன இருக்கிறது? வீட்டில் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்: தை பிறப்பதற்குள் வேலை நிலைத்தால் சரி, இல்லாவிட்டால் கணியூர். கணியூரில் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். தென்னந்தோப்பு, இரண்டு டிராக்டர், மைதிலியைவிடப் பதினோரு வயது மூப்பு.

அன்று மதியமே அவள் பிரவுசிங் சென்டருக்குப் போய் கரடிப் பாதுகாப்பு பற்றிப் பதினாலு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தாள். தையல் ஹாலில் பெரிய கரடிப் படம் ஒன்றை ஒட்டி, தொழிலாளர்களை நிற்க வைத்து விதிகளைத் தமிழில் படித்தாள். சாப்பாட்டுப் பொருளைப் படுக்கிற இடத்தில் வைக்கக் கூடாது, மூட்டை கட்டி உயரத்தில் தொங்கவிட வேண்டும். சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரடியைக் கண்டால் ஓடக் கூடாது. கறுப்புக் கரடி என்றால் எதிர்த்து நிற்க வேண்டும். பழுப்புக் கரடி என்றால் செத்தது போல் படுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் ஜமால் கையைத் தூக்கினார். இருபத்தாறு வருஷம் துணி வெட்டியவர்.

"மேடம், ஷேடு கார்டு குடுத்துட்டாங்களா?"

"எதுக்குங்க மாஸ்டர்?"

"கறுப்புங்கிறீங்க, பழுப்புங்கிறீங்க. கறுப்புலயே நம்மகிட்ட நாலு ஷேடு ஓடுது. வெயில்ல ஒரு மாதிரித் தெரியும், டியூப் லைட்ல வேற மாதிரித் தெரியும். அப்ரூவல் இல்லாம நான் படுக்கறதா நிக்கறதா?"

செக்கிங் செக்‌ஷன் மயிலாத்தாள் பக்கத்திலிருந்தவளிடம், இந்தக் கம்பெனியில் கரடி விடுகிற ஆட்கள்தான் நிறைய என்று நினைத்திருந்தேன், இப்போது பிடிக்கவும் ஆள் எடுக்கிறார்கள் என்றாள். மைதிலி காதில் விழாதது போல் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். படம் எடுத்தாள். மஜும்தாருக்குப் போன் போட்டு, ட்ரெயினிங் முடிந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னாள்.

மஜும்தார் எரிந்து விழுந்தார்.

"நோ ட்ரெயினிங். பேர் ட்ரையல். டென் பீப்பிள். மவுண்டன், ஒன் நைட். தென் ஐ கம்." லைன் கட்டாகிவிட்டது.

மைதிலி ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். படம் காட்டினால் போதாது. பத்துப் பேரைக் கரடிக்கு நேரில் காட்ட வேண்டும் என்கிறார்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் சுப்பண்ணனின் மச்சானுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருந்தது. அங்கே கரடி உண்டா என்று சுப்பண்ணன் போனில் விசாரித்தார். வேண்டிய மட்டும் இருக்கிறது என்று மச்சான் சொன்னார். சனிக்கிழமை வேன் என்று முடிவானது. கூலி உண்டு என்றதும் பெயர் கொடுத்தவர்கள், மார்கழிக் குளிர் என்றதும் பின்வாங்கினார்கள். சுவெட்டர் இல்லாமல் மலையேற மாட்டேன் என்று மயிலாத்தாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சாம்பிள் ரூமில் நானூற்றுப் பதினேழாம் நம்பர் ஜாக்கெட் பத்து இருந்தன. மஜும்தார் போன வாரம் பார்த்து ஓகே செய்துவிட்டு, "ஸ்பெஷல் பர்ப்பஸ், டோன்ட் டச்" என்று சொல்லிவிட்டுப் போன பீஸ்கள். மைதிலி தயங்கினாள். சுப்பண்ணன்தான் தைரியம் சொன்னார்.

"கசங்காமப் போட்டுட்டு வாங்க. அயர்ன் பண்ணி மறுக்காக் கவர்ல போட்டுரலாம். அந்த மனுசனுக்கு எப்படித் தெரியப் போகுது?"

சனிக்கிழமை மத்தியானம் பத்துப் பேரும் ஜாக்கெட்டோடு தேயிலைத் தோட்டத்தில் இறங்கினார்கள். பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த தார்ப்பாய்களை டென்டாகக் கட்டினார்கள். கம்பெனிச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பச்சை போர்டை மைதிலி ஒரு மரத்தடியில் நட்டாள். 'ஆபத்து நேரத்தில் இங்கே கூடவும்.' சுற்றுவட்டாரத்தில் வெட்டவெளியாக இருந்தது அந்த ஒரு மரத்தடிதான்.

அடுத்து சாப்பாட்டு மூட்டை. கயிறு யாரும் கொண்டுவரவில்லை. ஜமால் சளைக்கவில்லை. வேனில் சீட்டுக்கு மெத்தையாகப் போட்டிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, மூன்றாகப் பின்னி, மூட்டையைப் பதினைந்தடி உயரக் கிளையில் ஏற்றினார். வெட்டவெளியில் கிளை இருந்ததும் அந்த ஒரு மரத்தில்தான். மூட்டைக்குள் மயிலாத்தாள் வீட்டில் சுட்டு வந்த கச்சாயம் ஒரு டின் நிறைய. வெல்லமும் அரிசி மாவும் எண்ணெயில் வெந்த வாசம் மலையடிவாரம் வரை போயிருக்கும்.

நாலு மணிக்கு மூட்டை பதினைந்தடியில் இருந்தது. ஐந்து மணிக்குப் பத்தடியில் இருந்தது.

"மாஸ்டர், மூட்டை எறங்குதுங்க" என்றாள் மைதிலி.

ஜமால் அண்ணாந்து பார்த்தார். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதானே இருபத்தாறு வருஷமாக வெட்டுகிறார்.

"நல்ல துணிங்க மேடம். நாலு பர்சன்ட் லைக்ரா" என்றார்.

கிளையில் மறுபடி ஏற ஆளில்லை. சரி, இரண்டாவது விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம் என்று மைதிலி முடிவு செய்தாள். அனுப்பர்பாளையத்திலிருந்து வாங்கி வந்த பித்தளைத் தட்டையும் ஒரு கட்டையையும் மயிலாத்தாளிடம் கொடுத்து, விடாமல் அடிக்கச் சொன்னாள். கணீர் கணீர் என்று மலை எதிரொலித்தது.

சத்தம் கேட்டுத் தோட்டத்து வாட்ச்மேன் ஓடி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை மைதிலி நிறுத்தி, முதலில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னாள். வெளியாள் யார் வந்தாலும் கையெழுத்து வாங்க வேண்டும், அது ஏழாம் நம்பர் ஃபைல். மனிதர் எழுத்துக் கூட்டிப் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"அம்மணி, தட்டை எதுக்குங்க அடிக்கிறீங்க?"

"கரடி வராம இருக்கறதுக்குங்க."

"இந்நேரத்துக்குத்தான் மேல கோயில்ல மணி அடிச்சு வெளக்கு வெப்போமுங்க. பூசை முடிஞ்சு ஆளுக போனதும் கரடி வந்து வெளக்குல இருக்கற எண்ணெயக் குடிக்கும். மணிச் சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் வந்துருமுங்க."

மயிலாத்தாள் கட்டையைக் கீழே வைத்தாள். ஆனால் புதருக்குள் அசைவு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

கரடி அவசரப்படாமல் வந்தது. மைதிலி விசிலை ஊதி, ஓடாதீர்கள், எல்லோரும் போர்டுக்குப் பக்கத்தில் கூடுங்கள் என்று கத்தினாள். ஒன்பது பேர் வேனுக்கு ஓடினார்கள். முன்னால் போனவர் ஜமால். ஷேடு என்னவென்று அவர் பார்க்கவில்லை. மயிலாத்தாள் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டாள். தனக்கென்று நாலு கச்சாயத்தை ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி வைத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. கரடி அவளைப் பார்த்து மூக்கை உறிஞ்சியது. அவள் ஜாக்கெட்டைக் கழற்றி அதன்மேல் வீசிவிட்டு, ஐம்பத்திரண்டு வயசுக்கு நம்ப முடியாத வேகத்தில் வந்து வேனில் ஏறினாள். விசில் ஊதியபடியே மைதிலியும் ஏறினாள்.

கரடி ஜாக்கெட்டைக் கவ்விக்கொண்டு நேராகப் பச்சை போர்டுக்குப் போய், அதன் அடியில் உட்கார்ந்தது. தலைக்கு மேலே மூட்டை கைக்கெட்டுகிற உயரத்துக்கு வந்து தொங்கியது.

"பாத்தியா கண்ணு, உன்ற ரூல்ஸ்படி நடந்தது அது ஒண்ணுதான்" என்றாள் மயிலாத்தாள், மூச்சு வாங்கியபடி.

டின் காலியான பிறகு கரடி ஜாக்கெட் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டது. கடித்தது, இழுத்தது, மேலே உட்கார்ந்து பார்த்தது. அரை மணி நேரம் போராடிவிட்டுப் போய்விட்டது. ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு கையில் நீளமாக மூன்று கிழிசல். மற்ற ஒன்பதும் வேனுக்கு ஓடியபோது முள்ளில் மாட்டியும் சேற்றில் புரண்டும் ஆளுக்கு ஒரு கோலத்தில் இருந்தன. வேன் மலையிறங்குகிற வரை மைதிலியின் கண்ணுக்கு முன்னால் தென்னந்தோப்பும் இரண்டு டிராக்டரும் மாறி மாறி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஃபைல் எழுதினாள். ஜாக்கெட்டுகளைத் திங்கட்கிழமை துவைத்துத் தைத்து எப்படியாவது தேற்றிவிடலாம் என்று ஜமால் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு, சொல்லாமல் கொள்ளாமல், சென்னை ரயிலில் மஜும்தார் வந்து இறங்கினார்.

ஃபைலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஃபைல் லேட்டர். பேர் ட்ரையல் பீஸ்?"

பீஸ் என்ன பீஸ் என்று மைதிலி விழித்தாள். ஜாக்கெட், ஜாக்கெட் என்று அவர் மேசையைத் தட்டினார். ஜாக்கெட்டைத் தொட்டதை யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சுப்பண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று பத்தையும் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். சேறு, முள், எண்ணெய்க் கறை. மேலாக மயிலாத்தாளின் ஜாக்கெட், மூன்று கிழிசலோடு.

மஜும்தார் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஹௌ கேம் திஸ்?"

மைதிலி பொய் சொல்லவில்லை.

"பேர், சார்."

"யெஸ் யெஸ். பேர் அண்ட் டேர்" என்று அவர் தலையாட்டினார். "நார்மல்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தையலை இழுத்துப் பார்த்தார், காலரை முறுக்கிப் பார்த்தார். கடைசியில் பாக்கெட் ஜிப்பைப் பிடித்து இழுத்தார். வெண்ணெய் மாதிரி திறந்தது. உள்ளே நாலு கச்சாயம், ஒரு விள்ளல் குறையாமல். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"ஜிப் பெரி குட். சீம் பெரி குட்." முகம் மலர்ந்திருந்தது. இருபது கம்பெனி பார்த்திருக்கிறேன், ஜாக்கெட்டை மலையில் போட்டுப் பார்க்கிற ட்ரையல் என்றால் எல்லோரும் ஆபீஸில் உட்கார்ந்து ஏமாற்றுவார்கள், நீங்கள்தான் நிஜமாகச் செய்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். ஆர்டர் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சுப்பண்ணன் டிராயரைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றி, மைதிலியின் லெட்டரில் நிறுத்தி நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். கணியூர் ஒரேயடியாகப் பின்னால் போயிற்று. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாளும் ஜமாலும் சிரித்துக்கொண்டார்கள்.

சந்தோஷத்தில் சுப்பண்ணன் மஜும்தாருக்கு இன்னொரு கச்சாயத்தை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த ஆர்டர் என்னங்க சார்?" என்று கேட்டார்.

மஜும்தார் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அண்டர்பேர். அதுக்கும் பேர் ட்ரையல் மஸ்ட். சேம் டென் பீப்பிள்."