பதினாலு கையெழுத்து

“நாலே நிமிஷம்! நாலே நிமிஷத்துல திருப்பி மாத்திப்புட்டானே!” என்று உடையப்பன் கூடத்தில் குதித்தார். மகள் சுகன்யா மடிக்கணினியைப் பத்திரமாகத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மாறியது ஒரே ஒரு எண். இணையக் கலைக்களஞ்சியத்தில் உடையப்பனைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. ‘திண்டுக்கல்லைச் சேர்ந்த பந்தல் ஒப்பந்ததாரர், மேடைப் பேச்சாளர்’ என்று தொடங்கும். இரண்டும் ஒரே தொழில்தான். மைக் செட் அவருடையது என்பதால், பேச வேண்டாம் என்று சொல்லும் துணிவு எந்த விழாக் குழுவுக்கும் வந்ததில்லை.

மூன்றாவது வரியில்தான் வினை. ‘கடந்த மாமன்றத் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டுப் பதினொரு வாக்குகள் பெற்றார்.’

உடையப்பன் அதை ஆயிரத்து நூறு ஆக்கினார். ‘சான்றுப்புலி’ என்ற பெயரில் அங்கே உலவும் யாரோ ஒருவர் மறுபடி பதினொன்று ஆக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ‘ஒலிபெருக்கிச் செம்மல்’ பட்டம். பந்தலும் அவருடையதே. விழாத் தலைவர் அப்பாஸ் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்: “அறிமுகத்த நானா எழுதலண்ணே. கலைக்களஞ்சியத்துல உள்ளத ஒரு எழுத்து விடாம வாசிச்சுப்புடறேன். அதான் கெத்து!”

ஒரு எழுத்து விடாம! இன்று வெள்ளி.

“என்னம்மா எழுதிருக்கான்? படி.”

கண்ணாடி இல்லாவிட்டால் உடையப்பனுக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. போட்டாலோ வயது தெரிந்துவிடும். ஆகையால் வாசிப்பது எப்போதும் சுகன்யா.

“‘தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தக் கூடாது. உரையாடல் பக்கத்தில் வேண்டுகோள் வைக்கவும்’னு போட்டிருக்காருப்பா.”

“வை. ‘நான்தான் உடையப்பன், நானே சொல்றேன்’னு வை.”

வைத்தாள். சூடாகப் பதில் வந்தது.

“‘இருக்கலாம். சான்று உண்டா?’ன்னு கேக்குறாரு.”

“எதுக்கு? நான் உடையப்பன்ங்கிறதுக்கா?”

“ஆமாப்பா.”

வாசலில் சாமியானாக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் மெஷினை நிறுத்தினாள். “அண்ணே, அந்தப் பதினொரு ஓட்டு...”

“நீ துணியத் தை!”

மெஷின் மறுபடி ஓடியது. அந்த ஓசையிலேயே உடையப்பனுக்கு யோசனை பிறந்தது.

“ஏம்மா, நம்ம வீட்டுல மொத்தம் எத்தன ஓட்டு?”

தம்பிமார் குடும்பம் எல்லாம் ஒரே வீடு. சுகன்யா விரல் மடக்கினாள். “உங்களையும் சேத்துப் பதினாலு.”

“பதினாலு! அப்புறம் எப்படிடா பதினொண்ணு? மாட்டுனான் புலி!”

அடுத்த அரைமணி நேரம் வீடு கல்யாண வீடு. ‘நாங்கள் பதினான்கு பேரும் திரு. உடையப்பன் அவர்களுக்கே வாக்களித்தோம்’ என்று லெட்டர்பேடில் எழுதி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். மனைவி பழனியம்மாள் வெங்காயம் நறுக்கிய கையோடு வந்து போட்டாள். கடைசித் தம்பி ஈஸ்வரன் மட்டும், “எழுத்துலயே வேணுமாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போட்டான்.

கடிதம் படமாக ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் கட்டுரை மாறியது. சுகன்யா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஆயிரத்து நூறு ஆக்கிட்டானா?”

“இல்லப்பா. ‘பதினொரு வாக்குகள் பெற்றார். தம் குடும்பத்தில் பதினான்கு வாக்காளர்கள் இருப்பதாக அவரே தெரிவித்துள்ளார்.’”

“சான்று?” என்று உடையப்பன் கர்ஜித்தார்.

“உங்க லெட்டர்தான்ப்பா. கீழ போட்டிருக்காங்க.”

போன் அடித்தது. அப்பாஸ். “அண்ணே, வாட்ஸப் குரூப்பெல்லாம் நம்ம கட்டுரைதான் ஓடுது! அந்தப் பதினாலு மேட்டரையும் சேத்தே வாசிச்சிரவா?”

உடையப்பன் போனை வைத்தார். கோபம் வந்தால் அவர் கை தானாக மைக்கைத் தேடும். திண்டுக்கல்லில் வீட்டு விசாரணையை மைக் வைத்து நடத்தியவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார். வாசலில் பழுது பார்க்க வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டி அலற, தெருவே எட்டிப் பார்த்தது.

“பதினாலுல பதினொண்ணு போனா மூணு! இந்த வீட்டுல மூணு துரோகி!”

“வெளியாளுங்க யாராச்சும் போட்டிருந்தா இன்னும் கூடும்ப்பா” என்றாள் சுகன்யா.

“வெளியாளு எவன் எனக்குப் போடப்போறான்?” என்று உண்மையை மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. ஒவ்வொருவராக அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஈஸ்வரன் கையை நீட்டினான். சுடுகிறது என்று இழுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டிக்குத் திடீரென்று இருமல் வந்தது. இன்னொரு தம்பி பெண்டாட்டிக்கு அடுப்பில் பால் நினைவு வந்தது.

“நீ வாடி!” என்று பழனியம்மாள் பக்கம் திரும்பினார். “முப்பது வருஷமா வெஞ்சனம் வச்சுப் போட்டா ஆச்சா? ஓட்டுப் போட்டியா?”

பழனியம்மாள் தலைகுனிந்து நின்றாள். உடையப்பன் சுவரைக் காட்டினார். அங்கே சட்டமிட்ட தேர்தல் நாள் படம்: மையிட்ட விரல், ரோஜா மாலை, புகைப்படக்காரருக்காக வீட்டிலிருந்து கிளம்பும்போதே கழற்றிச் சட்டைப்பையில் வைத்த கண்ணாடி.

“காலைல ஏழு மணிக்கு மொத ஆளாப் போயி எனக்குப் போட்டேன். அது ஒண்ணு. மிச்சம் பத்து யாரு? நீ அதுல இருக்கியா இல்லையா? இல்லேன்னா இன்னிக்கே உங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பு!”

வாசலில் மெஷின் நின்றது. இன்னாசியம்மாள் கத்தரிக்கோலோடு உள்ளே வந்தாள்.

“அத்தாச்சிய வையாதீங்கண்ணே. காலைலருந்து சொல்ல வாரேன், தை தைன்னு வெரட்டுறீங்க. எம்மக கல்யாணத்துக்கு ஓசியாப் பந்தல் போட்டுக் குடுத்தீங்கள்ல? அந்த நன்றிக்கு நாங்க அம்புட்டுப் பேரும் உங்களுக்குத்தான் குத்துனோம். நானு, அவுக, மகங்க மூணு, மருமகளுக மூணு, மக, மருமகன், மாமியா. பதினொண்ணும் எங்க வீட்டு ஓட்டுண்ணே.”

தம்பிமார் தரையைப் பார்த்தார்கள். கற்பூரம் தானாக அணைந்தது.

பழனியம்மாள் மெல்லத் தலை நிமிர்ந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கணவரின் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கேட்டாள்:

“அப்ப, காலைல ஏழு மணிக்கு நீங்க யாருக்குங்க போட்டீங்க?”