புறப்படாத பயணிகள்

பிள்ளைகளே, ஒரு விடுகதை. ஆள் கிளேட்டனில் நிற்கிறார். ஆனால் கிரான்பர்னைவிட்டு இன்னும் புறப்படவில்லை. அவர் யார்?

பேய் என்று சொன்னவர்கள் மெல்பேர்னுக்குப் புதியவர்கள். விடை, சபாரத்தினம்.

அந்த ஆண்டு காகிதச் சீட்டுகள் ஒழிந்து, எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை வந்திருந்தது. ரயில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை இயந்திரத்தில் தொடவேண்டும். ‘பீப்’ என்று சத்தம் வந்தால்தான் பயணம் பயணமாகும்.

சபாரத்தினம் கிரான்பர்னில் குடியிருந்து, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருடைய கார் பழுதாகி கராஜில் கிடந்தது. மகள் தாரகாவுக்கோ அன்று கிளேட்டனில் பேச்சுப்போட்டி. தலைப்பு, ‘நேரந்தவறாமை’. பல் தீட்டும்போதுகூட அதையே பேசிப் பழகியிருந்தாள். போன வருடம் காய்ச்சலால் மேடை தவறிவிட்டது; இந்த வருடம் தவறக்கூடாது.

கிரான்பர்ன் நிலையத்து இயந்திரம் செத்துக் கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் ‘பீப்’ வரவில்லை. ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டார்கள்.

கிளேட்டன் வாசலில் சீருடையில் இரண்டு பரிசோதகர்கள் நின்றார்கள். சீருடையைக் கண்டதும் சபாரத்தினம், போர்க்காலத்து ஊர்ச் சோதனைச்சாவடிகளில் பழகியபடி, கேட்காமலே பையைத் தரையில் வைத்துத் திறந்தார். விசா, பிறப்புச் சான்றிதழ், மின்சார பில், மகளின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் நீட்டினார். அவ்வளவும் உண்மையான தாள்கள். அவர்களுக்கு வேண்டியதோ பிளாஸ்டிக்.

மூத்த பரிசோதகர் இரண்டு அட்டைகளையும் கைக்கருவியில் வைத்துப் பார்த்தார். “பதிவின்படி நீங்கள் இருவரும் கிரான்பர்னிலிருந்து புறப்படவில்லை.”

“அப்ப இதில நிக்கிறது ஆர்?”

“அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.”

“தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போறமே?”

“தண்டம் பயணிகளுக்கு மட்டுமே. நீங்கள் இன்னும் பயணியாகவில்லை. திரும்பிப் போய் முறைப்படி வாருங்கள்.”

“சரி, போயிட்டு வாறம்.”

“அதுவும் முடியாது. இங்கே வராதவர் இங்கிருந்து புறப்பட முடியாது.”

அதுவரை இரு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தாரகா, தானே ஆங்கிலத்தில் கேட்டாள்: “நாங்கள் வரவேயில்லை என்றால், நீங்கள் யாரை மறித்து வைத்திருக்கிறீர்கள்?”

பரிசோதகர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். இல்லாத ஆளைத் தடுத்துவைக்க அதில் இடமில்லை. மிகுந்த மரியாதையுடன் வழிவிட்டார்கள்.

போட்டி மண்டபத்துக்கு இனி நடந்தால் பிந்தும் என்று டாக்சி பிடித்தார்கள். சாரதி சேகர் சென்னையிலிருந்து படிக்க வந்தவர்; முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வழிகாட்டிக் கருவியை முழுமனதாக நம்புகிறவர்.

“தம்பி, அந்தா மண்டபம்! நிப்பாட்டுங்கோ!”

“எனக்கும் தெரியுது அங்கிள். மெஷினுக்குத் தெரியலையே. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ங்குது.”

“அங்க போர்டே போட்டிருக்கு!”

“போர்டு பழசு அங்கிள். மேப் போன வாரம்தான் அப்டேட் பண்ணேன்.”

இரண்டு கிலோமீட்டர் போய், கருவி சம்மதித்த பிறகு, அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

வாசலில், போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் யோகேஸ்வரன் மேசை போட்டிருந்தார். “பதிவு முடிஞ்சுது அண்ணை. பிந்தின ஆக்களுக்கு இடமில்லை.”

“போட்டி தொடங்கீட்டுதோ?”

“இல்லை. பிரதம விருந்தினர் இன்னும் வீட்டால வெளிக்கிடேல்லை. மைக்கும் வரேல்லை.”

“அப்ப நாங்கள் எப்பிடிப் பிந்தின ஆக்கள்?”

“போட்டி பிந்தலாம். போட்டியாளர் பிந்தக்கூடாது. தலைப்பே அதுதானே!”

தாரகாவின் கண்கள் கலங்கின. செயலாளர் மனமிரங்கினார். மேசையில் ஒரு கட்டுச் சான்றிதழ் இருந்தது. எல்லாவற்றிலும் ‘மிகச் சிறப்பாகப் பேசினார்’ என்று அச்சடித்து, நடுவர்கள் முன்கூட்டியே கையெழுத்தும் வைத்திருந்தார்கள்.

“பிள்ளை, விருப்பமெண்டா கடைசியில மேடையேறிப் பேசுங்கோ. ஆனால் பேசினா இது கிடையாது. பதிவில்லாத ஆள் பேசினதுக்குச் சான்றிதழ் குடுக்க விதியில்லை.”

“பேசாட்டி, அங்கிள்?”

“பேசாட்டிப் பிரச்சினை இல்லை. இப்பவே தரலாம்.”

“நீ பேசு பிள்ளை,” என்றார் சபாரத்தினம். “பேச்செல்லோ முக்கியம்!”

தாரகா சான்றிதழை எடுத்தாள். வீட்டிலிருந்த, இன்னும் பேசத் தொடங்காத தம்பிக்கும் ஒன்று கேட்டு வாங்கினாள்.