எல்லாக் கவுண்டருக்கும் டிரேஸ் போட்ட கதை

ஒன்றும் தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து கிடையாது. அவன் பயந்துபோய் ஓரமாக நின்றுவிடுவான். போன வாரம்தான் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவன் இருக்கிறானே, அவன் வரும் பாதையில் நிற்கக் கூடாது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நான் அப்படிப்பட்ட ஒருவனாக பெங்களூரில் நடமாடிக்கொண்டிருந்தேன். திருப்பத்தூரிலிருந்து வந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். டேட்டாபேஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு கம்பெனி என்னை அனுப்பியது. இதற்கான கருவிகள் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும். இந்த நிமிடம் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒன்று காட்டும். எந்த வேலை அதிக நேரத்தைத் தின்றது என்று ஒன்று ரிப்போர்ட் கொடுக்கும். மூன்றாவதாக ‘டிரேஸ்’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் நடக்கும் ஒவ்வொரு காரியத்தையும் வரி வரியாகக் கோப்பில் எழுதித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பயிற்சி முடிந்து வந்ததும் பார்த்ததையெல்லாம் ஆராய்ந்தேன். நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் மசால் தோசை வர நேரமானால், “கல்லுல இடம் இருக்கு, மாவும் இருக்கு. நீங்க சட்னிக் கரண்டிக்காகத்தான் வெயிட் பண்றீங்க” என்று தோசை மாஸ்டரிடம் விளக்கினேன். (அவர் பேசாமல் கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் வேறு தர்ஷினிக்கு மாறிவிட்டேன்.)

இந்த நிலையில்தான் தீபாவளி நெருங்கியது. தமிழ்நாட்டுக்கு பஸ் விடும் ஒரு தனியார் கம்பெனிக்கு எங்கள் ஆட்கள் டிக்கெட் புக்கிங் செய்துகொடுத்திருந்தார்கள். ஊர் முழுக்க அவர்களுக்குக் கவுண்டர்கள். எல்லாம் கலாசிபாளையத்துத் தலைமை ஆபீஸில் இருந்த ஒரே சர்வரோடு இணைக்கப்பட்டிருந்தன. அந்தக் கட்டடத்தில் ஏசி இருந்தது சர்வர் அறைக்கு மட்டும்தான் என்பதால், பஸ்களுக்குப் போடும் பூமாலைகளையும் வாடாமல் இருக்க அங்கேதான் வைத்திருப்பார்கள். பண்டிகைக் கூட்டம் ஏற ஏற டிக்கெட் அடிப்பது மெதுவாகிக்கொண்டே போனது. ஒரு டிக்கெட் வருவதற்குள் பயணி தன் சொந்த ஊரைப் பற்றிய நினைவுகளையெல்லாம் கவுண்டர்காரரிடம் சொல்லி முடித்துவிடலாம்.

என் மேலதிகாரி அமுதா மேடம் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே மொழியாக வரும். அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்ததால் என்னை அனுப்பினார்.

“நோடு, சும்னே ரிப்போர்ட் மட்டும் எடு. எடுத்துட்டு எனக்கு போன் பண்ணு. டிரேஸ் போட்டே ஆகணும்னா ஒரே ஒரு கவுண்டருக்கு மட்டும் போடு. அர்த்த ஆய்த்தா?”

“ஆய்த்து மேடம், புரிஞ்சுது” என்றேன். காது கேட்டது, மனம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த வேறு இடம் ஆம்பூர். அங்கே மலர்விழி என்ற பெண்ணை நானும் என் வீட்டாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருப்பதாகச் சேதி வந்தது. ஆனால் அவள் அப்பா மட்டும், “பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்று நிறுத்தி வைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனைச் சாதாரணக் குரலில் கூப்பிடுவார். விசாரிப்பதற்காக அவர் பெங்களூர் வந்திருப்பதும், நான் பஸ் ஆபீஸுக்குப் போக வேண்டிய அன்று மத்தியானம் ஊர் திரும்புவதும் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். நானே அவருக்கு போன் செய்தேன்.

“நீங்க எதுக்கு சார் கியூவுல நிக்கணும்? நேரா உள்ள வந்துடுங்க. சிஸ்டமே என் கையிலதான் இருக்கு.”

வந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரெக்ஸின் பை. சர்வர் அறையில் மாலைக் கூடைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கவுண்டர்கள். அதற்கும் வெளியே தெருவரை கூட்டம். பிரிண்டர்கள் நிதானமாக இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தன.

“இப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க தம்பி?”

“டேட்டாபேஸ் ஏன் ஸ்லோவா இருக்குன்னு அதுகிட்டயே கேக்கப் போறேன் சார்.”

“சொல்லுமா?”

“நான் கேட்டா சொல்லும்” என்றேன். (இதை இருபத்துச் சொச்சம் வயதில் ஒருவன் சொன்னால் மன்னிக்கலாம். சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டதை மன்னிக்க முடியாது.)

ரிப்போர்ட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாக எண்கள். அதிக நேரம் தின்ற வேலைகளின் வரிசையில் முதல் இடத்தில், டேட்டாபேஸிடம் யாரோ கேட்டுக்கொண்டே இருந்த ஒரு பெரிய கேள்வி நின்றுகொண்டிருந்தது. அதைப் படிக்கப் போகும் நேரத்தில் மாஸ்டர் கொட்டாவி விட்டார். எண்களைக் காட்டினால் ஒரு மனிதர் பெண்ணைக் கொடுத்துவிடுவாரா? ஏதாவது பிரமாதமாகச் செய்து காட்ட வேண்டும்.

“இதெல்லாம் சாதாரணம் சார். இப்ப டிரேஸ்னு ஒண்ணு போடப் போறேன். ஒவ்வொரு கவுண்டர் பக்கத்துலயும் ஒரு ஆளை உக்கார வெச்சு, அவங்க பண்றது எல்லாத்தையும் எழுதச் சொல்ற மாதிரி.”

“எல்லாக் கவுண்டருக்குமா?” மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரே ஒரு கவுண்டருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “எல்லாக் கவுண்டருக்கும்” என்றேன். போட்டும்விட்டேன்.

திரையில் கோப்புகள் முளைத்தன, வளர்ந்தன. மாஸ்டர் ஆர்வமாகப் பார்த்தார். என் மார்பு விரிந்தது. எழுதுகிற ஆட்களுக்கு உட்கார இடம் வேண்டும், அந்த இடம் டிக்கெட்டுகளும் இருக்கிற அதே டிஸ்க்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிஸ்க் நிரம்பி வழிந்தது. டேட்டாபேஸுக்குத் தன் வேலையைக் குறித்துக்கொள்ள ஒரு துளி இடம்கூட இல்லாமல் போய், அது அப்படியே நின்றுவிட்டது.

முதலில் கடைசிக் கவுண்டரின் பிரிண்டர் ஓய்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு எல்லாம். அந்த ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்ததை அங்கே வேலை செய்தவர்களே கேட்டதில்லை.

“முடிஞ்சுதா தம்பி?” என்றார் மாஸ்டர்.

“முடிஞ்ச மாதிரிதான் இருக்கு சார்.”

கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் கம்பெனி முதலாளி ரங்கப்பா வந்தார். “ஏன்ப்பா, ரிப்பேரி பண்ண வந்தியா, கெடுக்க வந்தியா? ஸ்லோ ஆனாலும் ஓடிட்டு இருந்துச்சு அல்வா!”

கன்னடத்தில் ‘அல்வா’ என்றால் ‘அல்லவா’. மாஸ்டருக்கு அது தெரியாது. “யாருக்கு அல்வா குடுத்தாங்க?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாக என்றால் அவருடைய மெதுவாக. கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுதிய கோப்புகளையெல்லாம் அழித்தால் இடம் கிடைத்துவிடும் என்று கடகடவென்று அழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் மறையும், அது பிடித்த இடம் அப்படியே இருக்கும். (பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். நல்ல டீ.) ஆக, டிஸ்க் நிரம்பியே இருந்தது, எதனால் நிரம்பியது என்பதற்கான தடயம் மட்டும் போய்விட்டது.

அமுதா மேடத்துக்கு போன் போட்டேன்.

“ரிப்போர்ட் எடுத்தியா?”

“எடுத்தேன் மேடம். அப்புறம் லேசா டிரேஸும்...”

“எந்த கவுண்டருக்கு?”

“எந்த கவுண்டருக்குன்னா மேடம்...” என்று இழுத்தேன்.

“அய்யோ கர்மா! எல்லாத்துக்குமா? கேளு. நான் ஆட்டோ புடிச்சு வர்றேன். அது வரைக்கும் கீபோர்டுல கை வெக்காதே. கைய பின்னால கட்டிக்கோ!”

கட்டிக்கொண்டேன். உண்மையாகவே கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுப்பாடம் எழுதாத பையன் போல நான் நின்ற கோலம் கண்ணாடி வழியாக மொத்தக் கூட்டத்துக்கும் தெரிந்தது.

வெளியே சத்தம் ஏறியது. பைகளோடும் பிள்ளைகளோடும் வெகுநேரமாக நின்றவர்கள் கவுண்டர் பலகையைத் தட்டத் தொடங்கினார்கள். ஒருவர் கம்பி வழியாகக் கையை விட்டு பிரிண்டரிலிருந்து காகிதத்தை உருவப் பார்த்தார். அப்போதுதான் மாஸ்டர் எழுந்தார். ரெக்ஸின் பையை என் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

“எல்லாரும் வரிசையில நில்லுங்க! ஒரு கை இடைவெளி விடுங்க! நேர் பார்!”

நின்றார்கள் சார், நின்றார்கள். பழைய பள்ளிக்கூடப் பயம் யாரை விட்டது? ஒருவர் கையை நீட்டி இடைவெளியை அளந்துகூடப் பார்த்தார்.

“என்னதாங்க பிரச்சினை உள்ள?” என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டார்.

“ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க மாப்பிள்ளை உள்ள செக் பண்ணிட்டு இருக்காரு!”

என்னைக் காப்பாற்றும் வேகத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது. கலாசிபாளையம் முழுக்கக் கேட்டது.

“அவரு கைய கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிறாரே!”

“யோசிக்கிறாரு! யோசிக்கும்போது எங்க மாப்பிள்ளை அப்படித்தான் நிப்பாரு!”

“செக் பண்றதுக்கு முன்னாடி ஓடிட்டுதானே இருந்துச்சு? உங்க மாப்பிள்ளைய வெளிய கூப்பிடுங்க!” என்றது இன்னொரு குரல். பின்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. “மாப்பிள்ளை வெளிய வா! மாப்பிள்ளை வெளிய வா!” எல்லா ஊர்த் தமிழிலும், இடையிடையே கன்னடத்திலும். கல்யாணத்தில்கூட என்னை அத்தனை பேர் ஒன்றாகக் கூப்பிடவில்லை.

அதற்குள் வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “மாஸ்டர், நம்ம மலருக்கு முடிவாயிடுச்சா? சொல்லவே இல்லையே!” ஆம்பூரில் மாஸ்டர் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுக்காரர் அவர். மாஸ்டர் கஷ்டப்பட்டுச் சிரித்தார்.

அமுதா மேடம் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இன்னும் கையை அவிழ்க்கவில்லை. டிரேஸை நிறுத்தி, டேட்டாபேஸை மூடித் திறந்தார். பிடித்திருந்த இடம் விடுபட்டது. பிரிண்டர்கள் கிர்ரென்று கத்தின. வெளியே விசில் பறந்தது. அதன் பிறகு, நான் படிக்காமல் விட்ட ரிப்போர்ட்டின் முதல் வரியை நிதானமாகப் படித்தார்.

“ரங்கப்பா சார், உங்க ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல என்ன ஓடுது?”

“அதா? எல்லா பஸ்ஸுலயும் எத்தனை சீட்டு காலின்னு பாக்கிறது. சும்மா திறந்து வெச்சிருப்பேன். அதுவா மாறி மாறிக் காட்டும். நல்லா இருக்கும்மா பாக்க.”

தீபாவளி வரைக்குமான அத்தனை பஸ்களின் அத்தனை சீட்டுகளையும் அந்தத் திரை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தது. கவுண்டர்கள் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. மேடம் போய் அதை மூடினார். அதுவரை இழுத்து இழுத்து வந்த டிக்கெட் கேட்டதும் வந்து விழுந்தது. ரங்கப்பா என்னைத் திட்டுவதை அரை வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது, ஆறிப்போயிருந்தது.

டிக்கெட் அவ்வளவு வேகமாக விற்றுத் தீர்ந்ததில் மாஸ்டருக்கு சீட் இல்லாமல் போனது. ரங்கப்பா அவரை டிரைவர் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் உட்கார வைத்தார். நான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சார், நீங்க விசாரிக்க வந்தது...”

“இனிமே என்னத்த விசாரிக்கறது?” என்றார், இன்ஜின் சூட்டில் ஒரு பக்கமாக நெளிந்தபடி. “நான் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ஆளு தெரு பூரா சொல்லிடுவான். இன்னும் எதுக்கு ‘சார்’னு? மாமான்னே கூப்பிடுங்க.”

அப்படித்தான் என் கல்யாணம் முடிவானது. ஆபீஸில் மேடம் என்னைப் பல மாதங்கள் ரிப்போர்ட் படிக்க மட்டும் வைத்தார், அதுவும் முதல் வரியிலிருந்து, சத்தமாக. வீட்டில் மிக்ஸி நின்றாலும், டிவியில் படம் நின்றாலும், மலர் முதலில் கேட்பது, “நீங்க செக் பண்ணீங்களா?” என்றுதான்.

சமீபத்தில் மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் இளைஞர், உற்சாகமானவர். “ஒரேயடியா முழு உடம்பும் செக் பண்ணிடலாங்க” என்றார்.

மாமா பதறி எழுந்து உட்கார்ந்தார். “வேணாம் டாக்டர்! ஒவ்வொண்ணாப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல செக் பண்ணா என்ன ஆகும்னு எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க!”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மாமாவே சொல்லத் தொடங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு ‘நேர் பார்’ வந்த இடத்தில் பழைய குரல் முழுசாகத் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை காபி வாங்கக் கீழே போகக் கிளம்பினேன். லிஃப்டில் நின்ற நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பட்டனின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“நீங்க எதையும் தொடாதீங்க சார். எந்த மாடின்னு சொல்லுங்க, நானே அழுத்தறேன்.”